ஏகமனதாக ஒரு கட்டுவிரியன்

பாம்பை அடையாளம் காண உலகம் இதுவரை செதிலை எண்ணியது, பல்லைப் பார்த்தது, வாலை அளந்தது. இந்தப் பாமர முறைகளுக்கு முடிவு கட்டி, கை தூக்கும் முறையை அறிவியலுக்கு வழங்கிய பெருமை கோயமுத்தூரின் 'கொங்கு ஊர்வன அறிவியக்க'த்தையே சேரும்.

கேபிள் டிவியில் அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் பாம்பு பிடிப்பதைப் பார்த்தார் மில் அதிபர் வெங்கடபதி. அந்தச் சட்டை தமக்கு ஒத்துவராது என்பதால் சங்கம் ஆரம்பித்துத் தலைவரானார். 'நம் மண்ணின் தவளைகளையும் பாம்புகளையும் அறிவோம்' என்று முதல் முகாம். வகுப்பெடுக்க, விலங்கியல் படித்த ஷைலா. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் குடும்பத்திலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். முகாம் நல்லபடியாக முடிந்தால் மில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை என்று செயலாளர் தனபால் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். தேரைப் படத்தைக் காட்டித் தலைவர் "தவளைக் குட்டி" என்றபோதுகூடச் சிரித்தாள். சபை கைதட்டியது.

காபி இடைவேளையில், அழைப்பிதழ் இல்லாமலே, மேடைத் திரைக்குப் பின்னாலிருந்து நிஜப் பாம்பு ஒன்று வந்தது. இயக்கம் மொத்தமும் நாற்காலி மேல் ஏறியது. ஷைலா அதைக் கையில் எடுத்தாள்.

"கட்டுவிரியனுங்க!" என்று அறிவித்தார் தலைவர், மேசை மேலிருந்து.

"இல்லீங்க சார், ஓலைப்பாம்பு. விஷமே கிடையாது. கட்டுவிரியனுக்குப் பட்டை கழுத்துல மங்கலா, வாலுப் பக்கம் பளிச்சுனு இருக்கும். இதுக்கு அப்படியே தலைகீழா இருக்குது பாருங்க."

தனபால் அவள் காதருகே வந்தார். "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும் கண்ணு. ஆனா அவரு வாய்ல வந்துபோட்டுதே! பெரிய மனுசன் சொன்னதை இத்தனை பேரு முன்னால இல்லைன்னா நல்லாவா இருக்குது? கொஞ்சம் அனுசரிச்சுப் போகோணும்."

"யாருங்க, பாம்புங்களா?"

உடனே ஓட்டெடுப்பு நடந்தது. 'இது கட்டுவிரியனே, பொதுநலன் கருதி அப்புறப்படுத்தவும்.' எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஷைலாவின் கைகளில் பாம்பு இருந்தபடியால் அவள் ஓட்டு செல்லாததாயிற்று. தீர்மானம் தந்த தைரியத்தில் தலைவர் இறங்கி வந்து, "இந்தப் பட்டையப் பாருங்..." என்று விரலை நீட்டினார். பாம்பு கடித்தது. கூட்டத்தில் தலைவர் யாரென்று பார்க்காமல் நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

ஷைலா பாம்பைத் தன் சாப்பாட்டுத் தூக்குப்போசியில் விட்டு மூடி, பொருளாளர் அங்கப்பனிடம் கொடுத்தாள். "தொறந்துபோடாதீங்க. வந்து நானே தோட்டத்துல உட்டர்றேன்." தலைவரை ஏற்றிய காரில் தானும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "என்ன பாம்பு?"

கூடவே வந்திருந்த சபை தலைவரைப் பார்த்தது.

"கட்டுவிரியன்னா மருந்து ஏத்தியாகணும். சில பேருக்கு அந்த மருந்தே ஒத்துக்காம ஆபத்தாயிரும். சரியாச் சொல்லுங்க."

தலைவரின் குரல் இறங்கியது. "ஏனுங்க அம்மணி, அது நெசமாலுமே ஓலைப்பாம்புங்களா?"

"நீங்கதானுங்களே தீர்மானம் போட்டீங்க."

"கண்ணு, வெளையாடாத," என்றார் தனபால்.

"ஓலைப்பாம்புதானுங்க," என்று டாக்டரிடம் பட்டைக் கணக்கைச் சொன்னாள். அவர் பல் தடத்தைப் பார்த்தார். "சரி, மருந்து வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் இங்கயே படுங்க, பார்ப்போம்."

கட்டிலைச் சுற்றி அவசரச் செயற்குழு கூடியது. 'தலைவர் முதலிலேயே ஓலைப்பாம்பு என்றுதான் கண்டறிந்தார். வகுப்பெடுத்த பெண்ணின் அனுபவக் குறைவால் குழப்பம் ஏற்பட்டது' என்று திருத்தம் நிறைவேறியது. மறுபடியும் ஏகமனது.

"டீச்சர் வேலையப் பத்தி அப்பறம் பேசிக்கலாம் கண்ணு," என்றார் தனபால். இல்லை என்பதை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வார்கள்.

பாம்பையாவது விட்டுவிடலாம் என்று ஷைலா டவுன் பஸ் பிடித்து முகாம் நடந்த மண்டபத்துக்கு ஓடினாள். அங்கப்பன் கும்பிட்டு வரவேற்றார்.

"வாங்க அம்மணி. நீங்க அக்கட்டால போனதும் அடிச்சுப்போட்டோமுங்க."

"அது ஓலைப்பாம்புன்னு அவரே ஒத்துக்கிட்டாருங்க! திருத்தம் போட்டாச்சு!"

"அது எங்களுக்கு வந்து சேரலீங்களே. எங்க கையில இருந்தது மொதத் தீர்மானந்தானுங்க."

அருங்காட்சியகம் வைக்கும் உத்தேசத்தோடு கண்ணாடி ஜாடியில் போட்டிருந்தார்கள். அங்கப்பன் சீட்டையும் பேனாவையும் பணிவோடு நீட்டினார். "வெவரம் நீங்களே எழுதி ஒட்டிப்போடுங்க. படிச்ச புள்ளை."

ஷைலா எழுதினாள்:

'ஓலைப்பாம்பு. விஷம் கிடையாது. சாவுக்குக் காரணம்: மரியாதை.'