அசையும் வீட்டுக்கு ஓர் அசையாத மனு

சொத்து இரண்டு வகைப்படும்: அசைவது, அசையாதது. இந்த அரிய உண்மையை முப்பத்தொரு வருஷம் கோர்ட்டுப் பதிவகத்தில் உட்கார்ந்து காத்தவர் கிளேர்மாண்ட் கிட்டன்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. மளிகைச் சீட்டில்கூடக் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்று பார்ப்பார்.

அவருடைய தம்பி டார்ன்லி உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தான். விட்டுப்போனது ஒரே ஒரு பலகை வீடு. எங்கள் தீவில் இப்படிப்பட்ட வீடுகள் வாடகை நிலத்தில், நாலு கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். நிலத்துக்காரர் போகச் சொன்னால் கழற்றி லாரியில் ஏற்றி, வேறு ஊரில் மறுபடி பொருத்தி, அன்றிரவே அதில் மீன் பொரிக்கலாம். டார்ன்லியின் வீடு ஏற்கெனவே மூன்று ஊர் பார்த்தது. இப்போது நிலத்துக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யாவிட்டால் புல்டோசர் வரும் என்று சொல்லிவிட்டார்.

"ஒரு லாரியைக் கூப்பிட்டு உங்க கொல்லையில இறக்கிடலாமே, அண்ணா" என்றாள் டார்ன்லியின் மனைவி வெரோனா.

"செத்தவன் சொத்துல ஒரு ஆணியைப் பிடுங்கவும் கோர்ட்டு உத்தரவு வேணும்மா. நான் எதுக்கு இருக்கேன்? மூணே நாள்ல முடிச்சுத் தரேன்."

மறுநாளே மனுவோடு பதிவகத்துக்குப் போனார். அவரிடம் வேலை பழகிய ஷெர்னெல் எழுந்து நின்று வணங்கி, நாற்காலி போட்டு, மனுவைத் திருப்பிக் கொடுத்தாள். அசையும் சொத்துப் படிவத்தில் எஞ்சின் எண் நிரப்பப்படவில்லையாம்.

"வீட்டுக்கு ஏதும்மா எஞ்சின்?"

"அப்ப அது அசையாச் சொத்து, சார். நிலத்தோட சர்வே எண் போடுங்க."

"நிலம் அவனோடது இல்லையே."

"அப்ப அசையாச் சொத்தும் இல்ல. ஆய்வாளர் வந்து, அது அசையுதான்னு நேர்ல பாக்கணும். ஆனா உத்தரவு வர்ற வரைக்கும் அதை யாரும் அசைக்கக் கூடாது. பதினாலாம் சுற்றறிக்கை."

"எந்த முட்டாள் எழுதினான் அதை?"

ஷெர்னெல் பணிவோடு கோப்பைப் பிரித்துக் காட்டினாள். அடியில் அவருடைய கையெழுத்து, அழகாக, சுழித்து.

1987-இல் அந்த வீட்டின் கதவையும் ஜன்னலையும் தோளில் சுமந்த இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார். அவர்கள் பார்த்தது வீட்டின் கடந்தகாலம், படிவம் கேட்பது நிகழ்காலம் என்று அதுவும் திரும்பி வந்தது. இந்த நுட்பத்தையும் அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வெரோனா வந்தாள். "போன தடவை அவர் கூரைத் தகரத்தைப் பிடிச்சுக்கிட்டு லாரி மேல உக்காந்து பாடிக்கிட்டே வந்தார், அண்ணா. அந்தக் கூரையைப் புல்டோசர் நசுக்கறதைப் பாக்கவா நான் இருக்கேன்?"

கிளேர்மாண்டுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதியும் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தபோது பின்சுவரின் ஒரு மூலையை அவரே பிடித்தார். சாயங்காலம் அவர் கொல்லையில் வெரோனா பறக்கும் மீன் பொரித்தாள்.

மறுநாள் பழைய இடத்துக்கு வந்த ஆய்வாளர் நாலு கல்லைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதினார்: "மேற்படி சொத்து காணப்படவில்லை. சொத்தே இல்லாதபடியால் வாரிசுப் பிரச்சினையும் எழவில்லை. மனு பைசல்." பதிவக வரலாற்றில் ஒரே மாதத்தில் முடிந்த மனு அது ஒன்றுதான்.

புதன்கிழமை சாயங்காலம் ஷெர்னெல் அவர் வீட்டு வாசலில் நின்றாள். அவளுடைய அம்மா வீட்டு மனு எட்டு வருஷமாக அவள் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கிறதாம்.

"சார், அந்த லாரிக்காரர் நம்பர் கிடைக்குமா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

கிளேர்மாண்டுக்கு மனம் இளகிவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தேங்காய் ரொட்டி கொடுத்தார்.

"தாராளமா தரேன்மா. ஒரு மனு எழுதிக் கொடுத்துடு."

அங்கேயே எழுதிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

"மூணு பிரதி வேணும்."

ஷெர்னெலுக்குக் கோபமே வரவில்லை. எல்லாம் முறைப்படி நடக்கிறதே என்று நிம்மதியாக இருந்தது.