முதலாளி அறைக்குப் போன கண்ணாடிக் குழாய்

ஸ்ரீரங்கம், 27 ஜூலை 1938, புதன்

மகாகனம் பொருந்திய ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, திருச்சி நிருபர் சாரநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் அச்சுக்கூடத்தாரும் நலமாயிருக்க அரங்கனை வேண்டுகிறேன்.

இன்று காலை பத்து மணிக்கு உறுதியான செய்தி: பாலக்கரை அரிசி ஆலையின் பாய்லர்காரர் காத்தமுத்து வேலையில் தூங்கவில்லை. சொன்னவர், திங்களன்று அவரை நீக்கிய அதே முதலாளி முகம்மது கனி. 'தூங்கிய பாய்லர்காரர்' என்று தந்தியடித்து, செவ்வாய் இதழில் வரச் செய்தவன் அடியேன்.

புகைபோக்கியின் இழுப்பைக் காட்ட, செந்நீர் பாதி நிரப்பிய வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று அங்கே உண்டு. ஒரு முனை புகைபோக்கிக்குள், மறுமுனை திறந்த காற்றில். இரு பக்க நீருக்கும் முக்கால் அங்குல ஏற்றத்தாழ்வு இருந்தால் தீ சரியாக எரிகிறது. இருந்த இடத்திலிருந்தே ஆளை வேவு பார்க்க முதலாளி அதைத் தம் அறைக்கு மாற்றினார், உமித்தூசிக்குப் பயந்து சன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்தார், புழுக்கத்துக்கு அறைக் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியும் வைத்தார், அதிலிருந்து அவர் விசிறியைப் போட்டு உட்கார்ந்தாலே முக்கால் அரையாகிவிடும், உடனே, தூங்குகிறான் என்று காத்தமுத்துவுக்கு ஏச்சு, திங்களன்று நீக்கமும். இன்று விசிறி ஓடும்போது பேட்டிக்குப் போன நான், மூச்சு முட்டிக் கதவைத் திறந்தேன், குழாயின் அளவு முக்காலுக்கு ஏறியது. "பாத்தீங்களா, புது ஆளு பிச்சமுத்து எப்படி எரிக்கிறான்!" என்றார். சாத்தினேன், அரைக்கு இறங்கியது. "அட, அதுக்குள்ள இவனும் தூங்கிட்டானா?" "பாய், கதவைச் சாத்துனது நான்தாங்க!" விசிறியை நிறுத்தினோம், மறுபடி முக்கால். குழாய் காட்டியது புகைபோக்கிக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். விசிறி அறைக் காற்றை உறிஞ்ச உறிஞ்ச அந்த வித்தியாசம் சுருங்கியதே தவிர, தீயில் மாற்றமேயில்லை. முதலாளி முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லா, மூணு மாசமா என் விசிறி பண்ணுனதுக்கா அந்த மனுசனை ஏசினேன்?"

வாசலில் காத்தமுத்துவின் மனைவி வீராயி நின்றிருந்தார். "வேலை திரும்பக் கெடைக்கும்னு வைங்க. பேப்பர்ல ஏறுன பேரை யாருங்க எறக்குவா?" என்றார்.

ஆகவே வெள்ளி காலை இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அன்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும், அவரை மீண்டும் சேர்ப்பது பற்றி முதலாளி சொல்வார்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி.

சாரநாதன்

பி.கு.: உறையை ஒட்டும்போது காத்தமுத்துவே வந்துவிட்டார். "ஐயா, பொய் சொல்ல மனசு வரலீங்க. போன சனிக்கிழமை நெசமாவே கண்ணசந்துட்டேன். அன்னிக்கு அந்த அறைச் சன்னல் துணியெல்லாம் தொவைக்க எடுத்திருந்தாங்க, விசிறியும் ஓடல. ஆடிக்காத்து நேரா உள்ள அடிச்சிருக்கு. குழாய் ஒரு அங்குலம் காட்டிச்சாம். சாயங்காலம் முதலாளி மெச்சி எனக்கு வேட்டி குடுத்தாருங்க." அதைக் கட்டிக்கொண்டே நிற்கிறார். மேற்படி திருத்தத்தில் வேட்டியைச் சேர்ப்பதா என்று, வெள்ளி இதழ் அச்சேறுமுன் தங்கள் உத்தரவு தேவை.