நட்டுப் பிரிவின் ஆண்டுக் கூட்டம்

பதினொரு பேர் வேண்டும் என்றது கடிதம். செயலாளர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். ஆறு வந்தது. தன்னை விட்டுவிட்டோமோ என்ற நப்பாசையில் இன்னொரு முறை எண்ணினார். தன்னையும் சேர்த்தே ஆறுதான்.

"என்னங்க, டீ அப்படியே இருக்கு," என்றாள் மனைவி.

"இருக்கட்டும்."

கடிதம் பொறியாளர் சங்கத்தின் மேலிடத்திலிருந்து வந்திருந்தது. சங்கத்தில் பதினேழு சிறப்புப் பிரிவுகள். பம்புக்கு ஒன்று, கொதிகலனுக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று என்று போய், கடைசியில் போல்ட்டுக்கும் நட்டுக்குமாக ஒன்று. அதற்குத்தான் அவர் பத்தொன்பது வருடமாகச் செயலாளர். வருடத்துக்கு நான்கு செய்தி மடல், ஒரு சொற்பொழிவு, சிறந்த கட்டுரைக்கு ஒரு பதக்கம். பதக்கத்தை இரண்டு முறை அவரே வாங்கியிருந்தார். வேறு யாரும் கட்டுரை அனுப்பவில்லை.

"ஆண்டுக் கூட்டத்தில் போதிய உறுப்பினர், அதாவது பதினொரு பேர், கையெழுத்திடாவிட்டால் தங்கள் பிரிவு வெல்டிங் பிரிவுடன் இணைக்கப்படும். தாங்கள் அதில் நட்டு உபகுழுவின் அமைப்பாளராகத் தொடரலாம்."

உபகுழு! அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் வெல்டிங் பிரிவின் செயலாளர் அவருடைய சகலை. மனைவியின் தங்கை புருஷன்.

"இது உன் தங்கச்சி புருஷன் பண்ற வேலை," என்றார்.

"அவருக்கு வேற வேலை இல்லையா?"

"இல்ல."

இரண்டு சகலைகளும் பேசி ஏழு வருடம் ஆகிறது. காரணம் ஓர் இரும்புக் கட்டில். மாமனாருக்காகச் செயலாளர் பார்த்துப் பார்த்துச் செய்தது. பதினாறு போல்ட். வீடு மாறும்போது பத்து நிமிடத்தில் கழற்றி, பத்து நிமிடத்தில் மாட்டலாம். மாமனார் புரண்டு படுத்தால் அது லேசாகக் கிறீச்சிடும், அவ்வளவுதான். வீடு மாறும் நாளன்று ஸ்பேனரோடு போய்க் குனிந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதினாறு நட்டையும் சகலை வெல்டிங் வைத்திருந்தார். "சத்தம் வருதுன்னு மாமா சொன்னாரு, அதான் நிறுத்திட்டேன்" என்று சிரிக்க வேறு செய்தார். கட்டிலை வெளியே எடுக்க நிலைக்கதவைப் பெயர்க்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு மூடிய வாய்தான். செயலாளர் பேசாமல் இருப்பதில் கெட்டிக்காரர். கோபம் வந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவார். சகலையின் பேச்சு வரும் இடத்திலெல்லாம் ஒரு பக்கம் படித்து முடித்திருக்கிறார். ஆனால் உபகுழு என்ற வார்த்தைக்கு எந்தப் புத்தகமும் போதவில்லை.

"கழட்ட முடியாததை மாட்டக் கூடாது. அதுதான் எங்க பிரிவோட கொள்கை. அவன்கிட்டப் போய்க் கைகட்டி நிப்பேன்னு நினைச்சானா? ஆள் சேக்கறேன் பாரு."

சேர்த்தார். துணை உறுப்பினராக, மரையோடு தொழில் செய்கிற யாரையும் சேர்க்கலாம். முதலில் அகப்பட்டவர் மைத்துனர். பல் டாக்டர்.

"அத்தான், நான் எதுக்கு? நான் இன்ஜினியரே இல்லையே."

"தாடையில ஸ்க்ரூ இறக்கித்தானே பல்லு வைக்கிற?"

"அது டைட்டானியம்."

"மரை இருக்கா இல்லையா?"

"இருக்கு..."

"கையெழுத்துப் போடு, மாப்பிள்ளை."

ஒரு நாற்காலிக் கடைக்காரர், செயற்கைக் கால் செய்கிற ஒருவர், வீணைத் தந்தியை முறுக்கும் பிருடை செய்பவர் என்று ஒரே வாரத்தில் எட்டு விண்ணப்பங்கள். அவற்றைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் குமாஸ்தாவின் மேஜையில், சீட்டாட்டத்தில் ஜெயித்தவர் மாதிரி விசிறிப் போட்டார்.

குமாஸ்தா மெலிந்த மனிதர். சங்கத்தின் விதிகளை, சொந்தப் பிள்ளைகளின் வயதைச் சொல்வதுபோல மென்மையாகச் சொல்வார்.

"நல்லது சார். அப்ப பதினஞ்சு பேர் வரணும்."

"பதினொண்ணுன்னுதானே கடிதம்?"

"பதினாலாவது விதி சார். பட்டியல்ல பாதி. இருபத்திரண்டு பேர் இருந்தீங்க, பதினொண்ணு. இப்ப முப்பது. பதினஞ்சு."

வீட்டுக்கு வந்து மைத்துனருக்குப் போன் போட்டார். அன்றைக்கு மூன்று பல் பிடுங்க வேண்டியிருக்கிறது என்றார் மைத்துனர். வேண்டுமானால் அத்தானும் வரலாம், இலவசம். மற்ற ஏழு பேரில் மூன்று பேர்தான் உறுதி சொன்னார்கள்.

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "முன்னாடி அஞ்சு பேர் குறைஞ்சாங்க. எட்டு பேரைச் சேத்தீங்க. இப்ப ஆறு பேர் குறையறாங்க. இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணா பத்தாக்கிடலாம்."

செயலாளர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். ஆனால் பக்கம் புரளவில்லை. திடீரென்று எழுந்தார்.

"செத்தவங்க!"

"யாரு?"

"பட்டியல்ல அஞ்சு பேர் செத்தவங்க இருக்காங்க. அவங்க பேரை எடுத்தா எண்ணிக்கை குறையுமில்ல?"

மறுநாள் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"எடுக்கலாம் சார். விதி இருபத்தாறு. உறுப்பினர் தானே கையெழுத்துப் போட்டு ராஜினாமா கொடுக்கணும்."

"செத்தவர் எப்படிய்யா கையெழுத்துப் போடுவார்?"

"இல்லேன்னா, பாதிப் பேர் வந்த கூட்டத்துல தீர்மானம் போட்டு நீக்கலாம்."

"பாதிப் பேர் வராததுனாலதானே நீக்கச் சொல்றேன்! எந்த முட்டாள் எழுதின விதி இது?"

குமாஸ்தா பழைய கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்து, அவர் பக்கம் திருப்பிவைத்தார். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் செயலாளரின் கையெழுத்து, கீழே இரண்டு கோடுகளோடு, பளிச்சென்று இருந்தது. எட்டு வருடத்துக்கு முன், யார் பேரையும் யாரும் லேசில் கழற்றிவிடக் கூடாது என்று மேஜையைத் தட்டிப் பேசி நிறைவேற்றியது.

செயலாளர் கோப்பை மூடிக் குமாஸ்தா பக்கமே தள்ளினார். மேலே மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றியது.

"இன்னொரு வழி இருக்கு சார். விதி முப்பத்தொண்ணு. வேற பிரிவுக்காரங்க விருந்தினரா வந்து உக்காரலாம். ஓட்டு கிடையாது. ஆனா கையெழுத்துக் கணக்குல சேரும்."

செயலாளர் அங்கிருந்து நேராகப் பம்புப் பிரிவின் செயலாளரைப் பார்க்கப் போனார். அவர் தன் வருகைப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நான்கு கையெழுத்து. அதில் இரண்டு அவருடையதே போலிருந்தது.

"எங்க கடையே ஈ ஓட்டுது. உங்களுக்கு எங்கேருந்து ஆள் அனுப்பறது?" என்றார் அவர்.

திரும்பி வந்ததும் குமாஸ்தா இன்னும் மெதுவாகச் சொன்னார்: "வெல்டிங் பிரிவுல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே சார்."

"என் பிரிவு துருப்பிடிச்சுக் கொட்டினாலும் கொட்டட்டும். அவன் வாசல்ல போய் நிக்க மாட்டேன். எழுதி வச்சுக்கோ."

குமாஸ்தா உண்மையாகவே எழுதி வைத்துக்கொண்டார்.

கடைசியாக, பத்தொன்பது வருடத்தில் முகமே காட்டாத பதினொரு உறுப்பினர்களுக்கும் கைப்படக் கடிதம் எழுதினார். இரண்டு கடிதங்கள் விலாசதாரர் இல்லை என்று திரும்பின. ஒன்றுக்கு ஓர் அம்மாளிடமிருந்து பதில் வந்தது. அவருடைய கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது, மடலை மட்டும் நிறுத்திவிட வேண்டாம், வாஷர் பற்றிய தொடரைத் தாம் விடாமல் படித்துவருவதாக எழுதியிருந்தார். செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பட்டியலில் செத்தவர்களின் எண்ணிக்கையை ஆறு என்று திருத்தினார். மற்ற எட்டுப் பேரிடமிருந்து மூச்சு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்.

"கடைசியா எத்தனை பேர் குறையுது? சரியா சொல்லுங்க."

"ஆறு. தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"

"சும்மாதான்," என்று போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

சங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கூட்ட அறை. மேஜையில் வருகைத் தகடு. அது நட்டுப் பிரிவின் பழக்கம்: கனமான எஃகுத் தகடு, வரிசையாகத் துளைகள். வருகிறவர் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டு, ஒரு போல்ட்டைத் துளையில் செருகி, வாஷர் போட்டு, நட்டை விரலால் முடுக்கிவிட்டு உட்கார வேண்டும். கூட்டம் முடிந்ததும் அவரவர் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

நான்கு மணிக்கு ஒன்பது போல்ட் இருந்தன. எண்பத்தொரு வயதுத் தலைவர் முதல் வரிசையில் உட்கார்ந்து அப்போதே கண்ணயர்ந்திருந்தார். விதிப்படி அரை மணி காத்திருக்கலாம். செயலாளர் காலித் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் பேசவில்லை. அவருக்கு மௌனம் பிடிக்கும்தான். ஆனால் இந்த மௌனம் வேறு ஜாதி. உபகுழு அமைப்பாளராகச் சகலையின் இடதுபுறம் உட்கார்ந்து, அவர் பேசப் பேசக் குறிப்பெடுப்பதாக ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்துபோயிற்று.

நாலு இருபத்தைந்துக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர். நடுவயதுக்காரர்கள். யாரையும் அவர் பார்த்ததில்லை. புத்தகத்தில் கையெழுத்திட்டார்கள். போல்ட்டைச் செருகி நட்டைப் போட்டார்கள். ஆறு பேரில் ஒருவர்கூட வாஷர் போடவில்லை. பழக்கம் விட்டுப்போயிருக்கும், பாவம், என்று செயலாளர் மன்னித்தார்.

"பதினஞ்சு," என்றார் குமாஸ்தா புத்தகத்தை மூடியபடி.

கடிதம் வேலை செய்துவிட்டது! எட்டுப் பேரில் ஆறு பேர்! கடைசி வரிசையில் போய் உட்கார்ந்த ஒருவரின் சட்டைக் கையில் ஊசி முனை அளவில் பத்திருபது ஓட்டைகள் தெரிந்தன. வறுமையிலும் வந்திருக்கிறாரே மனிதர்!

எழுந்து நின்றார். பத்தொன்பது வருடத்தில் பேசாததையெல்லாம் பேசினார்.

"நம்மளைக் கொண்டுபோய் வெல்டிங்கோட ஒட்டவைக்கப் பாக்கறாங்க. நான் கேக்கறேன், அவங்களுக்குத் தெரிஞ்சது என்ன? ஒரு தடவை ஒட்டிட்டா முடிஞ்சுது. தப்பா ஒட்டினாலும் முடிஞ்சுது! நாம அப்படி இல்ல. தப்பு பண்ணா கழட்டுவோம். சரி பண்ணி மாட்டுவோம். மனுஷனுக்கு வேண்டியது அதுதானே?"

கடைசி வரிசையிலிருந்து கைதட்டல் அதிர்ந்தது. தலைவர் திடுக்கிட்டு விழித்து, தாமும் தட்டினார்.

உற்சாகத்தில் செயலாளர் பேர் சொல்லாமல் கட்டில் கதையையும் எடுத்துவிட்டார். நிலைக்கதவைப் பெயர்த்த இடம் வந்தபோது கடைசி வரிசை ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவருக்கு மூச்சே நின்றுவிட்டது, பக்கத்து ஆள் முதுகைத் தட்ட வேண்டியிருந்தது. இரண்டு பேருக்குக் கண்கள் ரத்தச் சிவப்பாக இருந்ததைச் செயலாளர் கவனித்தார். தன் பேச்சு இவ்வளவு தூரம் உருக்கும் என்று அவரே நினைக்கவில்லை.

"ஆகவே, எந்தப் பிரிவோடயும் இணைய மாட்டோம்! ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

இணைப்பதையே தொழிலாகக் கொண்ட பிரிவு, இணைய மாட்டோம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கடைசி வரிசை கை தூக்கவில்லை, தட்ட மட்டும் செய்தது. அடக்கமானவர்கள். ஒன்பதுக்குப் பூஜ்யம். அதே கையோடு செத்தவர்கள் ஆறு பேரையும் மரியாதையாகப் பட்டியலிலிருந்து விடுவித்து, அந்த அம்மாளுக்கு ஆயுள் முழுக்க மடல் அனுப்பவும் தீர்மானம் போட்டார்கள்.

நன்றி சொல்லலாம் என்று செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் ஆறு பேரும் படியிறங்கிப் போய்விட்டார்கள். தகட்டில் அவர்களுடைய ஆறு நட்டுகள் கழற்றப்படாமல் அப்படியே இருந்தன. கழற்றிவிட்டுப் போகும் வழக்கமே இல்லாதவர்கள் மாதிரி.

செயலாளர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏழு வருடத்தில் இவ்வளவு லேசாக அவர் இருந்ததில்லை. குமாஸ்தா பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? அவன் மூஞ்சியில கரியைப் பூசியாச்சு. நாளைக்கே இந்தத் தீர்மானத்தை டைப் அடிச்சு அவனுக்கு ஒரு நகல் அனுப்பு. ஆமா, அந்த ஆறு பேர் எந்த ஊர்லேருந்து வந்தாங்க? விலாசம் எடுத்துக் கொடு, நன்றிக் கடிதம் எழுதணும்."

குமாஸ்தா வருகைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விளக்கை அணைக்கப் போனவர், வழக்கம்போல மென்மையாகச் சொன்னார்:

"வெல்டிங் பிரிவு சார், விதி முப்பத்தொண்ணு; உங்களோட சேத்துடுவோம்னு அவங்களுக்கும் இதே மாதிரி கடிதம் போயிருக்கு, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இங்கதான் அவங்க கூட்டம், ஒம்பது பேர் குறையுதாம், உங்களைத் திட்டும்போது கை தட்ட ஆள் கூட்டிட்டு வருவீங்களான்னு உங்க சகலை கேக்கச் சொன்னாரு."