மூன்றாம் பதில் சாமி

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபத்தில் செருப்பு விடக்கூட இடமில்லை. மூன்றாம் பதில் சாமி வந்திருக்கிறார். மற்ற சாமியார்களுக்கு உண்டு, இல்லை என்று இரண்டே பதில். நம்மவருக்கு மூன்று. மூன்றாவது, 'அந்தரம்'. உண்டும் இல்லையும் ஒரே நேரத்தில்! வெளிநாட்டுப் படிப்பாளிகளே உண்மை, பொய், இரண்டுக்கும் நடுவே என்று மூன்று மதிப்பு வைத்துத்தான் தர்க்கம் போடுகிறார்கள் என்று மைக்கில் முழங்கினார். அந்த மூன்றாவதற்கும் அவர்கள் கறாராக விதி வைத்திருப்பதைச் சொல்ல நேரமில்லை போலும். மாப்பிள்ளை அமையுமா? அந்தரம். அமைந்தால் சாமி வாக்குப் பலித்தது, அமையாவிட்டாலும் பலித்தது. தோற்கவே முடியாத வியாபாரம்.

முன்வரிசையில் தங்கப்பாண்டி இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கப்பலூர்த் தொழிற்சாலை ஒன்றில் போல்ட்டுகளை அளந்து பார்க்கிற வேலை. தேறியது பச்சைத் தட்டில், தேறாதது சிவப்பில், சந்தேகமானது மஞ்சளில். தினமும் மஞ்சள் தட்டைப் பார்க்கிறவனுக்கு 'அந்தரம்' சட்டென்று பிடிபட்டது. அதுதான் வினை. ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து, டிபி என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதியிருந்தார்கள். சாமியோ போன முறை வந்தபோது, நோய் அந்தரத்தில் நிற்கிறது, மாத்திரை போட்டால் உண்டு பக்கம் சாய்ந்துவிடும் என்றார். நிறுத்திவிட்டான், புத்திசாலி. இருபது நாளாயிற்று. நேற்று சளியில் ரத்தம் வந்தது.

அவன் மனைவி திவ்யா அழுது பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். இன்று மூடி கட்டிய ஓலைப்பெட்டியோடு மேடையேறினாள்.

"சாமி, இதுக்குள்ள நல்லபாம்பு இருக்கா, இல்லையா?"

சாமி கண்ணை மூடித் திறந்தார். "அந்தரம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அப்பக் கைய உள்ள விடுங்க சாமி. பாதிதான கடிக்கும்?"

சாமியின் கை முதுகுக்குப் பின்னால் போனது. விரதம் என்றார், தீட்டு என்றார், கடைசியில் திறந்து காட்டச் சொல்லி அதட்டினார்.

"தெறக்காம சொல்லுவீகன்னுதான இம்புட்டுப் பேரும் வந்திருக்காக" என்றாள் திவ்யா. பிறகு மூடியை எடுத்து அவளே கையை விட்டாள். தங்கப்பாண்டி விழுங்காத மாத்திரை அட்டைகள் வெளியே வந்தன. "உங்க கைக்குன்னா ரெண்டே பதிலு. எம் புருசன் நெஞ்சுக்கு மட்டும் மூணா?"

தங்கப்பாண்டிக்கு மானம் போயிற்று. மஞ்சள் தட்டில் விழுந்த போல்ட்டை மறுபடி அளந்து பச்சையிலோ சிவப்பிலோ போடாமல் அவன் ஒருநாளும் ஷிப்ட் முடித்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்பது நேர்மை. அளந்து தெரிந்ததையும் தெரியாததாக்குவது திருட்டு. ஒரு போல்ட்டுக்குக் கொடுத்த மரியாதையைத் தன் நெஞ்சுக்கு அவன் கொடுக்கவில்லையே!

எழுந்து மேடைக்குப் போனான். "வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான்.

சாமி பின்வாசலில் காரைத் தேடி ஓடினார். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் அடுத்து எந்த ஊருக்குப் போகிறார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஐயா, அம்மா, தலைக்குள் மூளை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் தயவுசெய்து அந்தரம் என்று சொல்லிவிடாதீர்கள். இருந்தால், எடுத்துக் கொஞ்சம் உபயோகியுங்கள்.