ஒரு கணக்குகூடச் சொல்லித்தர மாட்டேன்

மாட்டேன் என்றால் மாட்டேன்தான். இதை நான் கூடத்தின் நடுவில் நின்று, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். குரல் தெளிவாகப் போகட்டும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்தினேன். என் மனைவி காமாக்ஷி மறுபடி அதைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் பி.எட். முடித்தவள் காமாக்ஷி. சாணக்யபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை தயாராக இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வில் பாஸ் பண்ணினால் போதும். அவள் வேலைக்குப் போய்விட்டால் காலையில் எனக்குச் சுடச்சுட இட்லி வார்ப்பது யார்? ஆபீஸுக்கு நாலடுக்குக் கேரியர் கட்டித் தருவது யார்? நான் பெண் விடுதலைக்கு எதிரி இல்லை. கேரியர் விடுதலைக்குத்தான் எதிரி.

தேர்வு எழுதாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. காமாக்ஷிக்குக் கணக்கு வராது. அதிலும் இந்த யூனிட் விலைக் கணக்கு அறவே வராது. ‘மூன்று பேனாவும் இரண்டு நோட்டும் இவ்வளவு, ஒரு பேனா எவ்வளவு’ என்று படித்ததும் தலையைப் பிடித்துக்கொள்வாள். சரோஜினி நகரில் எண்ணூறு ரூபாய் குர்தாவை முந்நூறுக்கு இறக்குகிறவள், தாளில் எக்ஸைப் பார்த்தால் வாயடைத்துப் போவாள். எக்ஸோடு பேரம் பேச முடியாதே.

நானோ ஓர் அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவில் செக்‌ஷன் ஆபீசர். நாற்காலி, ஃபைல், பினாயில் என்று சகலத்துக்கும் யூனிட் விலை பார்த்தே தலை நரைத்தவன். அதனால்தான் என்னிடம் வந்தாள்.

"ஏன்னா, கொஞ்சம் உக்காந்து சொல்லித்தாங்கோளேன்."

"முடியாது."

"காரணம் சொல்லுங்கோ."

"ஆபீஸ்லயும் யூனிட் ரேட், ஆத்துலயும் யூனிட் ரேட்டா? நீ எழுது, தாராளமா எழுது. நானே ஸ்கூட்டர்ல கொண்டு விடறேன். ஆனா ஒரு கணக்குகூடச் சொல்லித்தர மாட்டேன்."

அவள் சண்டை போடவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சில நாள் கழித்து, பதினொன்றாவது படிக்கும் எங்கள் பெண் ப்ரீதா கணக்கில் ரொம்ப வீக் என்று ஒரு பேச்சு வந்தது. பெண்ணைக் கோச்சிங் சென்டரில் சேர்க்க வேண்டுமாம். ஃபீஸ் எண்பதாயிரமாம். எனக்கு வந்ததே கோபம். என்னை உயிரோடு வைத்துக்கொண்டு என் பெண்ணுக்குக் கோச்சிங்கா? ஒரு கணக்குக்கு எவ்வளவு ஆகிறது என்று யாராவது வகுத்துப் பார்த்தார்களா? நானே சொல்லித்தருகிறேன், பைசா செலவில்லாமல் கரையேற்றுகிறேன் என்று மார்தட்டினேன். காமாக்ஷி, உங்களுக்கு எதுக்கு சிரமம் என்று இழுத்தாள். அந்த இழுப்பில் என் ரோஷம் இன்னும் ஏறியது.

மறுநாள் சாயங்காலமே வகுப்பு தொடங்கிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் நான். எதிரில், காதில் இயர்போனோடு ப்ரீதா. ஓரத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு காமாக்ஷி. அவளை எழுந்து போகச் சொன்னேன். பெண்ணுக்குத் துணையாக இருக்கிறேன், எதையும் காதில் வாங்கமாட்டேன் என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

முதல் கணக்கு. மூன்று கிலோ ஆப்பிளும் இரண்டு கிலோ மாம்பழமும் சேர்ந்து அறுநூற்று இருபது ரூபாய். ஆப்பிள், மாம்பழத்தைவிடக் கிலோவுக்கு நாற்பது ரூபாய் அதிகம். ஒரு கிலோ மாம்பழம் என்ன விலை?

பதினொன்றாவதில் போய் இதையா கேட்கிறார்கள், படிப்பின் தரம் இவ்வளவு இறங்கிவிட்டதா என்று முதலில் வருத்தப்பட்டேன். பிறகு எனக்குள் இருந்த கொள்முதல் பிரிவு விழித்துக்கொண்டது. விலையில் வரி சேர்ந்ததா, சேராததா? மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கினார்களா? ஆப்பிள் சீசனில் மாம்பழம் எப்படி வந்தது? இந்த ஆட்சேபணைகளையெல்லாம் பதிவு செய்த பிறகே மாம்பழத்தை எக்ஸ் என்று வைத்து, நாற்பதை மூன்றால் பெருக்கினேன்.

"ப்ரீதாக்குப் புரியலை," என்றாள் காமாக்ஷி.

"அவ ஒண்ணும் சொல்லலையே."

"முகத்தைப் பார்த்தாலே தெரியறதே. அந்த நாப்பதை ஏன் மூணால பெருக்கினேள்னு முழிக்கறா."

ப்ரீதா காதில் ஓடிய பாட்டுக்குத் தலையாட்டினாள். நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

"மூணு கிலோ ஆப்பிள். ஒவ்வொரு கிலோக்கும் நாப்பது கூட. மொத்தம் நூத்தி இருபது கூட. அதைக் கழிச்சுட்டா, ஆப்பிளும் மாம்பழ விலைக்கு வந்துடும். அஞ்சு கிலோ ஐநூறு. ஒரு கிலோ நூறு."

"அச்சா," என்றாள் காமாக்ஷி மெதுவாக. கத்தி பீன்ஸ் மேல் அப்படியே நின்றது. "இப்ப ப்ரீதாக்குப் புரிஞ்சுடுத்து."

பெண் இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உற்சாகம் தாங்காமல் தினமும் பத்துக் கணக்கு போட்டேன். ஒருநாள் காமாக்ஷி, கேள்விக்குக் கீழே இருக்கும் நாலு விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் என்ன என்று ப்ரீதா சார்பில் கேட்டாள். அது படு கேவலமான வழி என்று கண்டித்தேன். எது கேவலம் என்று தெரிந்தால்தானே பெண் ஒதுங்கியிருப்பாள் என்றாள். அதுவும் சரிதான். அந்தக் குறுக்கு வழியை அக்குவேறு ஆணிவேறாக விளக்கினேன்.

தேர்வு நாள் வந்தது. சொன்னபடி ஸ்கூட்டரில் கொண்டு விட்டேன். தைரியமாக எழுது என்று தோளில் தட்டிக் கொடுத்தேன். தோற்கப் போகிறவளிடம் பெருந்தன்மையாக இருப்பது ரொம்பச் சுலபம். வரும் வழியில் மூக்கு முட்டப் பூரி சாப்பிட்டேன்.

ரிசல்ட் வந்த அன்று எதிர்வீட்டுத் தமிழர் ஹரிஷங்கர் லட்டு டப்பாவோடு வந்து நின்றார். அவர் மனைவி சுஷ்மாவும் அதே தேர்வை எழுதியிருந்தாள்.

"முதல் லட்டு உங்களுக்குத்தான் சார். உங்க வீட்டுல கணக்குல முப்பதுக்கு இருபத்தெட்டாமே. சுஷ்மாவுக்கு இருபத்தஞ்சு. தினமும் பால்கனில நின்னு உங்க கிளாஸைக் கேட்டே பாஸ் பண்ணிட்டா."

லட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே திரும்பினேன். காமாக்ஷி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் ஒரு விநாடி சந்தோஷம் வந்துவிட்டது. அதை உடனே அடக்கினேன்.

"நான் இவளுக்கு ஒண்ணும் சொல்லித்தரலை. அந்த விஷயத்துல நான் ஜெயிச்சுட்டேன். சொல்லித்தந்தது ப்ரீதாக்கு."

ப்ரீதா ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தாள். "எனக்கா? நான் ஹிஸ்டரி எடுத்திருக்கேன்ப்பா. எனக்கு மேத்ஸே கிடையாது."

"அப்ப எதுக்குடி தினமும் வந்து உக்காந்தே?"

"மம்மி ஜீன்ஸ் வாங்கித்தரேன்னா."

அப்போதும் நான் பணியவில்லை. இனி இந்த வீட்டில் யாரையும் நம்பி என் வயிறு இல்லை, என் சமையலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அறிவித்தேன். காமாக்ஷி உடனே சரி என்றாள். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, வீம்புக்கு வாணலி நிறைய உப்புமா கிண்டினேன். அவளும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள். மத்தியானம் ஆபீஸில் போன் சிணுங்கியது. காமாக்ஷியிடமிருந்து மெசேஜ்.

"ஒரே கட்டி. கவலைப்படாதீங்கோ, சாயங்காலம் உக்காருங்கோ, நான் சொல்லித்தரேன்."