பதினேழாம் பக்க வதைப் படலம்

வாழ்க! கல்லூரி நூலகத்தின் பின்னறையில், ஆடும் நாற்காலியை அரியணையாகவும் கடகடக்கும் கணினியைத் தேராகவும் கொண்டு, பார்வையற்ற மாணவர்களின் செவிக்கேற்பப் பாடக்குறிப்புகளை மாற்றித் தரும் பெருந்தொழில் பூண்ட வீராங்கனை வாழ்க! மாணவர்கள் அவளை அக்கா என்பார்கள். கோப்புகளோ அவளைக் கண்டாலே திறக்க மறுக்கும்.

அன்று காலை அவள்மீது படையெடுத்து வந்தது நிலவியல் பேராசிரியரின் பாடக்குறிப்பு. நாற்பத்திரண்டு பக்கம், அத்தனையும் அவர் தம் திருக்கரத்தாலேயே கைபேசியில் பிடித்த படங்கள். ஆகையால், வாசித்துச் சொல்ல வேண்டிய கணினிக்குரல் பக்கத்துக்குப் பக்கம் "படம்" என்று முழங்கிவிட்டு மௌனம் சாதித்தது. மறுநாள் தேர்வு. போன பருவத்தில் வெறும் "படம்", "படம்" என்று கேட்டுவிட்டுத் தேர்வறைக்குப் போன மாணவி, இம்முறை நான்கு மணிக்கு நேரில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளை மறுபடி வெறுங்கையோடு அனுப்ப அக்காவுக்கு மனமில்லை.

மூண்டது போர். தலைகீழாய்க் கிடந்த பக்கங்களை நிமிர்த்தி, எழுத்துகளைப் படங்களின் சிறையிலிருந்து மீட்டு, தலைப்புகளுக்கெல்லாம் தலைப்பென முத்திரை குத்தி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கலகம் செய்த அட்டவணைக் கட்டங்களை வரிசையில் நிறுத்தி, மதியச் சாப்பாட்டையும் மறந்து, நாற்பத்தோரு பக்கங்களை வென்றாள் அந்த விசைப்பலகை வேங்கை.

எஞ்சியது பதினேழாம் பக்கம். அதன் கீழ்மூலையில், பெயரும் குறிப்புமின்றி, செம்பழுப்பாய் ஒரு பாறை வீற்றிருந்தது. பேராசிரியரைக் கைபேசியில் அழைத்தாள். வகுப்பிலிருந்த அவர் எடுக்கவில்லை.

"கண்ணுள்ளோர் காண்பதெல்லாம் என் தங்கை காதாலே காண்பாள்! இது என் ஆணை!" என்று காலி அறைக்குச் சூளுரைத்து, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, நாற்பது நிமிடம் உற்றுநோக்கி, விளக்கம் பொறித்தாள்: "மடிந்த பாறை. நடுவே நெருக்கமான மூன்று வரிகள். உச்சியில் வழவழப்பான வெளிர் அடுக்கு. அதன் அடியில் பிறை வடிவில் வெண்ணிறப் படிவு."

நான்கு மணிக்கு மாணவி வந்தாள். கணினி முதல் பக்கத்திலிருந்தே கணீரென்று பேசத் தொடங்கியது.

"அக்கா, இந்தத் தடவை எல்லாமே பேசுது!"

அக்கா மகிழ்ச்சியில் ஒலியை இன்னும் ஒரு படி கூட்டினாள்.

பதினேழாம் பக்கம் முழங்கும் வேளையில், அழைப்பைத் தாமதமாகப் பார்த்த பேராசிரியர் வாசலில் வந்து நின்றார்.

"அப்படி ஒரு பாறை என் பாடத்துலயே இல்லியேம்மா" என்று திரையருகே குனிந்தார். பிறகு தம் வலக்கையைத் தூக்கித் திரையோரம் வைத்து மறுபடியும் பார்த்தார்.

"இது என் கட்டைவிரல்மா. பக்கம் பறக்காம அமுக்கிப் பிடிச்சிருந்தேன்."

"போச்சு சார், உங்க நகத்தை நான் மனப்பாடமே பண்ணிட்டேன்!" என்று மாணவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா சிரித்து முடித்துவிட்டுத் திரையைச் சுட்டினாள்.

"அது சரி சார், விரலுக்கு அடியில என்ன இருக்கு?"

அக்கணமே தகர்ந்தது அந்த நகமுடி தரித்த கொடுங்கோட்டை! அதனுள் சிறைப்பட்டுக் கிடந்த இரண்டு வரிகளைப் பேராசிரியர் திருவாய் மலர்ந்தருள, வீராங்கனையின் பத்து விரல்களும் அவற்றைத் தாங்கிக் கோப்பில் ஏற்ற, கணினிக்குரல் அறை அதிர வெற்றிமுரசு கொட்ட, மாணவி அவற்றை மும்முறை கேட்டுத் தன் நெஞ்சில் நிறுத்தினாள்.

மறுநாள் முதல் கேள்வியே அந்த இரண்டு வரியிலிருந்துதான் வந்தது.