வாட்டர்லூ வராமல் மொட்டை முடியாது

பிரான்ஸ் தேசத்து ஜனங்கள் தங்கள் ராஜாவின் தலையை ஒரே ஒரு தடவைதான் வெட்டினார்கள். எங்கள் திருத்தணியில் ஒருவர் அதே ராஜாவை தினமும் பதினைந்து தடவை, கிருத்திகை என்றால் ஐம்பது தடவை வெட்டிக்கொண்டிருக்கிறார். சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் மொட்டை அடிக்கும் கடை. பலகையில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. ஊருக்கு அவர் வாட்டர்லூ.

இளமையில் தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்தவர். மற்றதெல்லாம் தேறி, ஐரோப்பிய வரலாற்றில் மட்டும் ஏழு தடவை ஃபெயில். எட்டாவது தடவை பாஸானபோது வேலைக்குப் போகிற வயசு போய்விட்டது. பிரான்ஸ் மட்டும் மண்டையைவிட்டுப் போகவில்லை. படித்ததைச் சொல்ல ஆள் வேண்டுமே! கழுத்தில் கத்தி இருக்கும்போது எழுந்து ஓடுகிறவன் எவன்?

தலையில் தண்ணீர் தெளித்தால் பாரிசில் ரொட்டி விலை ஏறிவிட்டது என்று அர்த்தம். முன் நெற்றியில் பாஸ்டீல் சிறை விழும். பிடரிக்கு வரும்போது, "தலைய நல்லா குனிங்க, இப்ப ராஜாவ மேடைக்கு இட்டுகினு வராங்க" என்பார். நகரி, புத்தூரிலிருந்து வருகிற தெலுங்குக்காரர்களுக்கு, "தல வஞ்சண்டி" என்று ஆரம்பித்து அவர்கள் பாஷையிலேயே வெட்டுவார். காதுகுத்துக்கு வந்த ஒரு குழந்தை வீறிட்டு அழுதபோது, "ச்சூ, பதினாறாம் லூயியே அழல, உனுக்கு என்னா?" என்று அதட்டினார். காதோரத்துக்கு வருமுன் இன்னொரு சொம்பு தண்ணீரை ஊற்றினால் நெப்போலியன் மாஸ்கோ பனியில் மாட்டிக்கொண்டான். கடைசியில் சந்தனம் பூசும்போது வாட்டர்லூ சண்டை, நெப்போலியன் ஒரேயடியாகத் தோற்றான்.

புரட்சிக்காரர்கள் மேல் அவருக்கு ஒரே ஒரு கோபம். "வாரத்துக்குப் பத்து நாள்னு காலண்டர மாத்திட்டானுங்க சார். அப்ப செவ்வாக்கெழம எப்ப வரும்? மனுசன் முருகன எப்பதான் பாக்கறது?"

எந்த முடிவையும் அவர் விடமாட்டார். யார் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று சொல்லித்தான் தீருவார். ஒரு தடவை பள்ளிப்பட்டிலிருந்து வந்த தறிக்காரர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாஸ்கோவிலேயே எழுந்துவிட்டார். காதோரம் இரண்டு பக்கமும் முடி தொங்குகிறது. துண்டைச் சுற்றிக்கொண்டு மூன்று கடை ஏறினார். ஒருத்தர் கத்தி வைத்த தலையை இன்னொருத்தர் தொடுவதில்லை என்பது அந்தத் தொழிலில் கட்டுப்பாடு. அரை மணியில் திரும்பி வந்து உட்கார்ந்தார். வாட்டர்லூ முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வாட்டர்லூ வராம மொட்டை முடியாது. ஆங், எங்க உட்டேன்? பனி கொட்டிகினு இருக்குது..."

அன்றைக்கு எனக்கும் அங்கேதான் மொட்டை. துணைக்கு வந்திருந்த என் மனைவி கோமதி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. ரயிலில் வீடு வந்து சேரும்வரை, "வாட்டர்லூ வராம மொட்டை முடியாது" என்று அவரைப் போலவே சொல்லிச் சொல்லிக் காட்டினாள்.

போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி. மருந்து ஏற்ற ஆரம்பித்தால் முடி கொட்டிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி அவளுக்கு. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, "தலையணையில கொட்டறதுக்கு முன்னாடி முருகனுக்கு நானே குடுத்துடறேங்க" என்றாள். எந்தக் கடை என்று கேட்டேன். "வாட்டர்லூகிட்டதான்."

சாவைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற மனுஷனிடம் இவளை எப்படி உட்கார வைப்பது? பூ வாங்குகிற சாக்கில் அவளைத் தெருமுனையில் நிற்க வைத்துவிட்டு முன்னால் ஓடினேன்.

"வீட்ல உடம்பு சரியில்ல. பெரிய வியாதி. இன்னிக்கு ஒரு நாள் வாய மூடிகினு அடிச்சி உடுங்க. தலை வெட்டறது, சாவறது எதுவும் வேணாம். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"ஐயோ, இன்னா சார் நீங்க. பேசவே மாட்டேன்" என்றார்.

பேசவில்லை. கொத்துக் கொத்தாக முடி விழுந்தது. கடையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. பேச்சு இல்லாமல் அவருக்குக் கை ஓடவில்லை. இரண்டு தடவை பிளேடு மாற்றினார். காதுக்குப் பின்னால் கத்தி பட்டு ஒரு சொட்டு ரத்தம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கையால் நான் பார்த்த முதல் ரத்தம். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

கோமதி குனிந்த தலையோடு கேட்டாள். "என்ன நைனா, பிரான்ஸ்ல இன்னிக்கு லீவா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ரொட்டி, சிறை, பிடரி, பனி எல்லாவற்றையும் தாண்டிக் குதித்து எங்கேயோ போய் ஆரம்பித்தார்.

"எல்பான்னு ஒரு தீவும்மா. எல்லா தேசத்துக்காரனும் சேந்து நெப்போலியன அங்க கொண்டும்போய் உட்டுட்டான். அவன் கத முடிஞ்சிதுன்னு நெனச்சிகினு இருக்காங்க. ஒரு வருசம்கூட ஆவல, கப்பல் ஏறி வந்துகினே இருக்கான். எதிர்ல புது ராஜாவோட பட்டாளம். துப்பாக்கிய நீட்டிகினு நிக்கிறானுங்க. இவன் தனியா முன்ன வந்து, கோட்ட தொறந்து மார காட்டறான். சுடறவன் சுடுங்கடான்றான்."

கோமதியின் கை தானாகப் போய்ப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டது. எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

"சுட்டாங்களா?"

"ஒருத்தன் சுடல தாயி. அத்தன பேரும் அவன் பின்னாலயே வந்துட்டான்."

"அப்புறம்?"

அவர் கை நின்றது. பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். "அப்புறம் இன்னா, அவ்ளோதான். பாரிசுக்கே வந்து உக்காந்துட்டான்."

பொய்கைப் படியில் இறங்கும்போது கோமதி சந்தனத் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "மனுஷன் வாட்டர்லூவ மறந்துட்டாருங்க."

"வயசாவுது இல்ல" என்றேன்.

"ஆமா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பி வந்த நெப்போலியன் நூறு நாள் ஆண்டான் என்பார்கள். கோமதிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைத்தது. அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் அவர் கடையில் போய் உட்கார்ந்தேன். யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் தெளித்தார், ரொட்டி விலை ஏறியது. ராஜா போனார், ராணியும் போனாள், மாஸ்கோவில் பனி கொட்டியது. எல்பாவிலிருந்து கப்பல் புறப்பட்டது. பட்டாளம் சுடவில்லை. அதோடு நிறுத்திவிட்டுச் சந்தனக் கிண்ணத்தைத் தேடினார்.

"மிச்சத்தையும் சொல்லிடுங்க" என்றேன். "வாட்டர்லூ வராம மொட்டை முடியாதே."

"வேணாம் சார்" என்றார். கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைக்க ஆரம்பித்தார். "அம்மாவுக்கு உட்ட எடத்துலயே நிக்கட்டும்."

இப்போது இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரயிலேறிப் போய் அவர் முன்னால் தலை குனிகிறேன். தலையில் பெரிதாக முடி ஒன்றும் வளர்ந்திருக்காது, வேண்டுதலும் கிடையாது. எனக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கும் பின்னால் உட்காரப்போகிறவனுக்கும் வாட்டர்லூ உண்டு. என் தலைக்கு மட்டும் நெப்போலியன் இன்னும் பாரிசில்தான் இருக்கிறான்.